யேனாவின் கண்ணாடி

யானை வாங்கினவன் அங்குசத்துக்கும் பணம் எடுத்து வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். டிஜிட்டல் காமிரா வாங்குகிறவன் கதியும் அதுவே. காமிராவோடு செலவு தீர்ந்தது என்ற நினைப்போடு வீட்டுக்கு வருகிறான். மறுநாள் பை வேண்டும் என்று தோன்றுகிறது. அப்புறம் மூன்று கால் ஸ்டாண்டு, பிளாஷ், பில்டர் என்று ஒவ்வொன்றாக வந்து சேருகிறது. இவற்றில் எல்லாம் மலிவுச் சரக்கு உண்டு. மாற்று வழியும் உண்டு. ஸ்டாண்டு இல்லாதவன் மதில் சுவரில் காமிராவை வைத்துப் படம் எடுத்துவிடலாம். லென்ஸுக்கு மட்டும் மதில் சுவர் கிடையாது. காமிராவின் விலையைவிட ஒரு நல்ல லென்ஸின் விலை அதிகமாக இருப்பதைக் கேட்டுத் திகைத்து நிற்காத தகப்பனாரை நான் இதுவரை பார்த்ததில்லை.

இந்தச் சங்கடத்துக்குச் சாமர்த்தியசாலிகள் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். அது ஒரு வளையம். அலுமினியத்தால் ஆனது. ஒரு பக்கம் திருகு மரை; மறுபக்கம் காமிராவில் மாட்டிக்கொள்ளும் பற்கள்; நடுவில் காற்றைத் தவிர வேறொன்றும் இல்லை. சில நூறு ரூபாய்தான் விலை. இதைப் பொருத்தினால், பிலிம் காமிராக்களுக்காக ஐம்பது அறுபது வருஷங்களுக்கு முன் செய்த லென்ஸ்கள் புத்தம் புது டிஜிட்டல் காமிராவில் உட்கார்ந்துகொண்டு வேலை செய்கின்றன. அப்படி உட்கார வைக்கப்படும் கிழ லென்ஸ்களில் பேர்போனது 'ஹீலியோஸ் 44' என்பது. உலகத்தில் இது எண்ணிறந்து கிடப்பதால், புது லென்ஸின் விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கிறது.

என் மருமான் ஒருவன், காலேஜில் படிக்கிற பிள்ளை, போன வருஷம் அப்படி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து என் மேஜைமேல் வைத்தான். கையில் எடுத்தால் கனக்கிறது. பிளாஸ்டிக் என்ற பேச்சே இல்லை. முழுதும் உலோகமும் கண்ணாடியுந்தான். வளையத்தைச் சுற்றினால் பழைய எண்ணெய்யின் மந்தத்தோடு மெதுவாக நகர்கிறது.

"ரஷ்யா லென்ஸ் மாமா" என்றான் பெருமையாக.

"ரஷ்யா இதற்குப் புகுந்த வீடு அப்பா. பிறந்த வீடு வேறே" என்றேன். அன்றைக்கு அவனுக்குச் சொன்ன சரித்திரத்தைத்தான் இங்கே கொஞ்சம் விஸ்தாரமாக எழுதுகிறேன். இந்தக் கல்யாணம் பெண் வீட்டார் சம்மதத்தோடு நடந்தது அல்ல என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஜெர்மனியில் யேனா என்று ஓர் ஊர். பெரிய பட்டணம் இல்லை. சர்வகலாசாலை உள்ள நடுத்தரமான ஊர். 1846-இல் கார்ல் ஸைஸ் என்பவர் அங்கே ஒரு சிறு பட்டறை திறந்தார். பூதக்கண்ணாடிகளும் மைக்ராஸ்கோப்புகளும் செய்வது தொழில். அந்தக் காலத்தில் லென்ஸ் செய்வது என்பது கைப்பழக்கம். தேய்த்துப் பார்ப்பார்கள்; சரியாக வராவிட்டால் இன்னொன்றைத் தேய்ப்பார்கள். தேய்க்கு முன்பே கணக்குப் போட்டு லென்ஸை நிர்ணயிக்க முடியாதா என்று ஸைஸுக்கு ஓர் ஆசை. 1866-இல் சர்வகலாசாலையிலிருந்து ஏர்ன்ஸ்ட் அப்பே என்ற இளைஞரைத் தேடிப் பிடித்தார். அப்பே அந்தக் கணக்கைப் போட்டார். பிற்பாடு ஓட்டோ ஷாட் என்ற ரசாயன நிபுணர் வந்து சேர்ந்து, அந்தக் கணக்குக்கு வேண்டிய புது ரகக் கண்ணாடிகளை உருக்கிக் கொடுத்தார். இன்று உலகத்தில் எங்கே யார் லென்ஸ் செய்தாலும் இந்த மூவர் போட்ட பாதையில்தான் நடக்கிறார்கள்.

அப்பேயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. அவருடைய தகப்பனார் நூல் ஆலைத் தொழிலாளி. நாள் ஒன்றுக்குப் பதினான்கு மணி, சில சமயம் பதினாறு மணி நேரம் நின்றுகொண்டே வேலை. மத்தியானச் சாப்பாட்டுக்கு என்று தனி நேரம் கிடையாது. பையன் சட்டியில் சோறு கொண்டு போவான். தகப்பன் இயந்திரத்தில் சாய்ந்தபடி அள்ளிப் போட்டுக்கொண்டு சட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி வேலையைப் பார்ப்பார். அந்தச் சட்டியை அப்பே மறக்கவில்லை. ஸைஸ் காலமான பிறகு, தாம் பெரும் பணக்காரராக இருந்திருக்கக்கூடிய ஸ்தாபனத்தை 1889-இல் ஒரு தர்ம நிறுவனமாக ஆக்கி, தம் சொந்தப் பங்குகளை அதற்கே எழுதி வைத்தார். 1900-இல் அந்தத் தொழிற்சாலையில் எட்டு மணி நேர வேலை அமுலுக்கு வந்தது. லாபத்தில் தொழிலாளிக்கும் பங்கு, சம்பளத்தோடு விடுமுறை, முதுமையில் பென்ஷன் எல்லாம் அங்கே எழுத்து மூலமான உரிமைகள். இப்படிச் செய்த முதலாளிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அந்தத் தொழிற்சாலையில் 1896-இல் பால் ருடால்ப் என்பவர் ஆறு கண்ணாடிகளைக் கோத்து ஒரு போட்டோ லென்ஸ் செய்தார். அந்த வம்சத்தில், வில்லி மெர்ட்டே என்பவர் போட்ட கணக்கின்படி, 'பயோட்டார்' பிறந்தது. 1930-களில் இது 58 மில்லிமீட்டர் லென்ஸாக, 'எக்ஸாக்டா' என்ற ஜெர்மன் காமிராவுக்காக வந்தது. மங்கலான வெளிச்சத்திலும் படம் எடுக்கும். முகங்களை அழகாகக் காட்டும். நம்முடைய ஹீலியோஸுக்கு இதுதான் தாய்.

பிறகு இரண்டாவது மகாயுத்தம். அந்த யுத்தத்தில் யேனா தொழிற்சாலை சும்மா இருக்கவில்லை. பீரங்கிக்கும் விமானத்துக்கும் கண் செய்து கொடுத்தது. பிடித்த நாடுகளிலிருந்து கட்டாயமாகக் கொண்டுவரப்பட்ட ஜனங்களை வைத்தும் வேலை வாங்கிற்று. எட்டு மணி நேர வேலை கொடுத்த அதே கட்டடத்தில் அது நடந்தது. யேனாவுக்காக இரக்கப்படுகிறவர்கள் இதையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும்.

1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை யேனாவுக்குள் நுழைந்தது. ஆனால் ஜெர்மனியைப் பங்கு போட்டுக்கொண்டதில் அந்தப் பிரதேசம் ரஷ்யர்களுக்கு என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. ஜூலை பிறப்பதற்குள் காலி செய்ய வேண்டும். வீட்டைக் காலி செய்கிற குடித்தனக்காரன் எதை முதலில் மூட்டை கட்டுவான்? விலையுயர்ந்ததைத்தானே? ஸைஸ் தொழிற்சாலையின் நிர்வாகிகளும் விஞ்ஞானிகளுமாக ஏறக்குறைய 80 பேரைக் குடும்பத்தோடு லாரிகளில் ஏற்றி அமெரிக்கர்கள் தங்கள் வசமிருந்த தெற்குப் பக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். வர இஷ்டமா என்று அதிகமாகக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அந்த மனிதர்களைக் கொண்டு ஓபர்கோகன் என்ற ஊரில் 1946-இல் இன்னொரு ஸைஸ் கம்பெனி முளைத்தது.

ரஷ்யர்கள் வந்து பார்த்தபோது மூளையில் ஒரு பகுதி போயிருந்தது. கைகள் இருந்தன, இயந்திரங்களும் இருந்தன. முதலில் ஒரு வருஷத்துக்கு மேல் தொழிற்சாலையை அங்கேயே நடக்கவிட்டார்கள். 1946 அக்டோபர் 22-ஆம் தேதி விடிவதற்கு முன், ரஷ்ய வசமிருந்த ஜெர்மனி முழுவதும் ஒரே சமயத்தில் கதவுகள் தட்டப்பட்டன. சிப்பாய்களோடு ஓர் அதிகாரி நிற்பார். சோவியத் நாட்டில் வேலை செய்ய உத்தரவாகியிருக்கிறது, சாமான்களைக் கட்டுங்கள் என்பார். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நிபுணர்களும் அவர்களுடைய பெண்டு பிள்ளைகளும் கட்டில் பீரோக்களோடு ரயில் ஏறினார்கள். விமான நிபுணர்கள், ராக்கெட் நிபுணர்கள், அவர்களோடு யேனாவின் லென்ஸ்காரர்களும். அவர்களில் பெரும்பாலோர் திரும்பி ஊர் பார்க்க 1950-கள் ஆயின. மனிதர்கள் போன பின்பு இயந்திரங்கள் போயின. அடுத்த வசந்தத்துக்குள் யேனாவின் இயந்திரங்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கழற்றிக் கிழக்கே அனுப்பியாகிவிட்டது.

இது கொள்ளையா, நஷ்டஈடா? ரஷ்யர்களின் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. மாஸ்கோவுக்கு அருகே கிராஸ்னகோர்ஸ்க் என்ற இடத்தில் இருந்த அவர்களுடைய லென்ஸ் தொழிற்சாலையை 1941-இல் ஜெர்மன் படை நெருங்கியபோது சைபீரியாவுக்கு மூட்டை கட்ட வேண்டி வந்தது. நாட்டின் மேற்குப் பகுதி முழுதும் சுடுகாடு. கோடிக்கணக்கில் ஜனங்கள் மாண்டார்கள். அந்த நஷ்டத்துக்கு லென்ஸ் தேய்க்கும் இயந்திரங்கள் எந்த மூலைக்கு? ஆனால் விடியற்காலையில் தட்டப்பட்ட கதவுக்குப் பின்னால் நின்ற குழந்தைக்கு இந்தக் கணக்கைச் சொன்னால் புரிந்திருக்காது. எனக்கும் கணக்கு நேராகவில்லை. அமெரிக்கர்களுக்கு நஷ்டஈடு என்ற சாக்குக்கூட அவ்வளவாக இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கிராஸ்னகோர்ஸ்கின் காலி இடத்தில் 1942-இல் புதுத் தொழிற்சாலை ஏற்பட்டிருந்தது. யுத்தம் முடிந்ததும் அங்கே காமிராக்கள் செய்ய ஆரம்பித்தார்கள். பயோட்டாரின் கணக்கை ரஷ்யக் கண்ணாடி ரகங்களுக்கு ஏற்பத் திருத்திப் போட்டு, கிரேக்கர்களின் சூரிய பகவான் பெயரைச் சூட்டி, 1958-இல் ஹீலியோஸ் 44-ஐ வெளியிட்டார்கள். 1965-இல் வந்த 'ஜெனிட்-ஈ' காமிராவின் முகத்தில் இதுவே மாட்டப்பட்டது. அந்தக் காமிரா லட்சம் லட்சமாக விற்றது. மேல்நாடுகளுக்கும் ஏற்றுமதி ஆயிற்று. ஜெர்மன், ஜப்பான் காமிராக்களைக் கண்ணாடிப் பெட்டியில் பார்த்துப் பெருமூச்சு விட்ட பையன்கள் ஜெனிட்டோடு திருப்தியானார்கள். ஆராய்ச்சிச் செலவு யேனாவின் கணக்கில் எப்போதோ எழுதப்பட்டுவிட்டது. வருஷக்கணக்காக மாற்றமில்லாமல் ஒரே சரக்கைச் செய்துகொண்டிருந்தார்கள். அந்நியச் செலாவணி வந்தால் போதும் என்று சர்க்கார் விலை வைத்தது. மலிவாக இருந்ததில் ஆச்சரியம் என்ன?

இதற்குள் பிறந்த வீட்டில் பாகப்பிரிவினைச் சண்டை. கிழக்கே யேனாவில் ஒரு ஸைஸ், மேற்கே ஓபர்கோகனில் ஒரு ஸைஸ். பெயர் யாருக்கு என்று பல தேசத்துக் கோர்ட்டுகளில் வழக்கு. சில நாடுகளில் கிழக்கத்தியார் ஸைஸ் என்று போட முடியாமல் 'யேனாவிலிருந்து' என்று மட்டும் பொறித்து விற்றார்கள். பயோட்டார் என்ற பெயரும் சுருங்கி, வெறும் 'பி' என்ற ஓர் எழுத்தாக நின்றது. 1971-இல் லண்டனில் ஒரு சமரசம் ஏற்பட்டது. ஜெர்மனி ஒன்றான பிறகுதான் இரண்டு கம்பெனிகளும் சேர்ந்தன.

இனி அந்தத் திருகு மரைக்கு வருவோம். 42 மில்லிமீட்டர் அகலம், மரைக்கு மரை ஒரு மில்லிமீட்டர். 1949-இல் கிழக்கு ஜெர்மனியின் டிரெஸ்டனில் செய்த காமிராக்களில் வந்தது. இதை ஜப்பானியர்கள் எடுத்துக்கொண்டார்கள், ரஷ்யர்கள் எடுத்துக்கொண்டார்கள். அரசியலில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத தேசங்கள் எல்லாம் இந்த ஒரு மரையில் ஒத்துப்போயின. அதனால்தான் ஒரே வளையம் இத்தனை நாட்டு லென்ஸ்களுக்கும் பொருந்துகிறது.

ஆனால் மரை பொருந்தினால் மட்டும் போதாது. இந்த லென்ஸ்கள் பிலிமிலிருந்து 45.46 மில்லிமீட்டர் தூரத்தில் உட்காரச் செய்யப்பட்டவை. புதுக் காமிராவில் அந்தத் தூரம் அதைவிடக் குறைவாக இருந்தால், மிச்சத்தை வளையத்தின் கனத்தால் ஈடு செய்யலாம். கூடுதலாக இருந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. தூரத்துக் கோபுரம் தெளிவாக விழாது. கேனன் கம்பெனியின் கண்ணாடி மடங்கும் காமிராவில் அந்தத் தூரம் 44, தப்பித்தது. நிக்கானில் 46.5; இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான வித்தியாசத்தில் கதவடைத்துவிட்டது. 2008-இல் பானஸோனிக் கம்பெனி உள்ளே மடங்கும் கண்ணாடியே இல்லாத காமிராவைக் கொண்டுவந்தது. தூரம் 20 மில்லிமீட்டருக்குள் சுருங்கிற்று. மற்றக் கம்பெனிகளும் பின்தொடர்ந்தன. வளையம் ஒரு சிறு குழாயாக நீண்டது. உலகத்துப் பழைய லென்ஸ்களுக்கெல்லாம் கதவு திறந்தது. அலமாரிகளில் தூங்கிக்கொண்டிருந்த ஹீலியோஸ்கள் வெளியே வந்தன.

வந்தவற்றில் ஒரு வேடிக்கை. முகத்தைத் தெளிவாக வைத்துப் பின்னால் இலைகளை மங்கவிட்டால், ஓரத்து ஒளிப்பொட்டுகள் எலுமிச்சம்பழம்போல் நீண்டு, முகத்தைச் சுற்றி ராட்டினம் ஆடுவதுபோல் தெரியும். லென்ஸ் சாஸ்திரப்படி இது குறை. இதை ஒழிக்கத்தான் பெரிய கம்பெனிகள் பெரும் செலவு செய்தன. இப்போது பிள்ளைகள் அந்தக் குறைக்காகவே ஹீலியோஸைத் தேடுகிறார்கள். ஹாலிவுட்டும் தேடுகிறது. 2024-இல் வந்த 'டியூன்' இரண்டாம் பாகத்தில் பழைய சோவியத் லென்ஸ்களைப் புதுக் கூட்டில் அடைத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இதன் பலனாக விலை முன்போல் அடிமாட்டு விலையாக இல்லை.

வாங்குகிறவர்களுக்கு இரண்டு விஷயங்கள். சென்னை போன்ற உப்புக்காற்றும் ஈரமும் உள்ள ஊர்களில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் சிலந்தி நூல்போல் தெரியும். அப்படிப்பட்டதை வாங்க வேண்டாம். நல்லதை வாங்கினால் காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வைக்க வேண்டும். இரண்டாவது, இந்த லென்ஸுக்கும் காமிராவுக்கும் மின்சாரத் தொடர்பு எதுவும் இல்லை. ஆகவே காமிரா தன் முகத்தில் லென்ஸே இல்லை என்று நினைத்துக்கொண்டு படம் எடுக்க மறுக்கும். லென்ஸ் இல்லாவிட்டாலும் எடு என்று உத்தரவு கொடுக்கும் இடம் ஒன்று அதன் பட்டியலுக்குள் எங்கேயோ ஒளிந்திருக்கிறது. என் மருமான் அதைத் தேடிக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆயிற்று.