ஓடிப்போனவனைப் பற்றிய அறிவிப்பு

முன்னோரின் வரலாற்றைத் தேட விழைவோர் நம்மிடையே பங்கு ஆலயத்தின் திருமுழுக்குப் பதிவேட்டைப் புரட்டுவர். பெற்றோர், ஞானப்பெற்றோர், ஊர் யாவும் அதில் இருக்கும். ஆனால் அமெரிக்க மண்ணில் முதன்முதல் கால்வைத்த இந்தியர் பலருக்கு அத்தகைய ஏடு வாய்க்கவில்லை. அவர்களை நமக்கு அறிமுகம் செய்வது, அவர்களைப் பிடித்துத் தருமாறு எசமானர்கள் செய்தித்தாள்களில் வெளியிட்ட அறிவிப்புகளே.

1630களிலேயே வர்ஜீனியாவின் நிலப்பட்டா ஒன்றில் 'கிழக்கிந்தியர் டோனி' என்ற பெயர் காணப்படுகிறது. ஆள் ஒருவரைக் கொண்டுவந்து சேர்த்தவருக்குத் தலைக்கு 50 ஏக்கர் நிலம் என்பது அக்கால வழக்கம். டோனி அந்தக் கணக்கில் ஓர் எண், அவ்வளவே. 1736இல் 'வர்ஜீனியா கெசட்' இதழ் தோன்றிய பின்னரே முகங்கள் தென்படுகின்றன. 1768இல் அவ்விதழ் தேடிய தாமஸ் கிரீனிச் என்னும் கிழக்கிந்தியருக்கு நீண்ட கருங்கூந்தல், மெலிந்த முகம், அழகிய வெண்பற்கள்.

1776 ஜூலையில், மாந்தர் யாவரும் சமம் என்ற சுதந்திரப் பிரகடனம் பிலடெல்பியாவில் நிறைவேறிய அதே மாதத்தில், ஜான் நியூட்டன் என்னும் ஆசிய இந்தியரைத் தேடி ஓர் அறிவிப்பு அவ்விதழில் வெளிவந்தது. வயது ஏறத்தாழ 20. வர்ஜீனியாவுக்கு வந்து ஓராண்டு. அதற்குமுன் இங்கிலாந்தில் சர் சார்லஸ் விட்வொர்த் என்பவரிடம் பத்தாண்டுப் பணி. கழித்துப் பாருங்கள்: தாயகத்தைப் பிரிந்தபோது அவருக்கு ஒன்பது வயது இருக்கலாம்! பத்தாண்டு என்பதை அவரே சொன்னதாக எசமானர் குறிக்கிறார். ஐயத்தோடு சேர்த்த அந்தச் சிறு சொல்லில்தான் நியூட்டனின் சொந்தக் குரல் நமக்குக் கேட்கிறது. முகம் கடுகடுப்பானது என்கிறது அறிவிப்பு. ஒன்பது வயதில் வீட்டைப் பிரிந்தவன் சிரித்த முகமாய் இருக்கவேண்டும் என எதிர்பார்த்தார்களோ?

ஜான், தாமஸ் என்பவை நமக்கு அருமையான திருப்பெயர்கள். இங்கோ அவை பழைய பெயரை மறைக்கும் திரைகளாயின. புனித பவுலும் ஓடிப்போன அடிமையாகிய ஒனேசிமுக்காகப் பிலமோனுக்குத் திருமுகம் எழுதினார். அவனை அடிமையாக அன்றி அன்புச் சகோதரனாக ஏற்குமாறு வேண்டினார். வர்ஜீனியாவின் எசமானர்களும் அத்திருமுகத்தை வாசித்தவர்களே.

இவர்களுடைய சந்ததியாரைத் தேடுவது இன்னும் கடினம். தாயின் நிலையே பிள்ளையின் நிலை என 1662இல் வர்ஜீனியா சட்டம் செய்தது. அடிமைப்பெண்ணை மணந்தவரின் மக்கள் அடிமைகளாயினர். 1790இல் எடுக்கப்பட்ட முதல் மக்கள்தொகைக் கணக்கிலோ வெள்ளையர், அடிமைகள், 'பிற சுதந்திர மனிதர்' என்னும் பிரிவுகளே இருந்தன. இந்தியர் என்றொரு கட்டம் இல்லை.

அதே 1790ஆம் ஆண்டு டிசம்பர் 29 அன்று, மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம் துறைமுகத்தில் வில்லியம் பென்ட்லி என்னும் போதகர் சென்னையிலிருந்து வந்த ஒருவரைக் கண்டு தம் நாட்குறிப்பில் எழுதினார்: கறுத்த மேனி, நீண்ட கருமுடி, மென்மையான முகம், நெடிய உடல். அழைத்துவந்த கப்பல் தலைவர் கிபோவின் பெயரையும் மறவாமல் குறித்தார். நம்மவரின் பெயரை மட்டும் எழுதவில்லை.