கேடி ரிஜிஸ்தர்: குற்றத்துக்கு முன்பே எழுதப்பட்ட பெயர்கள்

"குற்றவாளிகளோட பேரையும் போட்டோவையும் ஊரறியப் போடணும்." பாலியல் வன்கொடுமைச் செய்தி ஒவ்வொன்று வரும்போதும் இந்தக் குரல் எழுகிறது. கோபம் நியாயமானது. அமெரிக்காவில் 1996 முதல் நாடு முழுக்க அப்படிப்பட்ட பட்டியல்கள் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டன. இந்தியாவில் 2018 செப்டம்பரில் பாலியல் குற்றவாளிகளுக்கான தேசியத் தரவுத்தளம் தொடங்கப்பட்டது. தொடங்கும்போதே அதில் சுமார் 4.4 லட்சம் பதிவுகள். அதைப் போலீசும் விசாரணை அமைப்புகளும் மட்டுமே பார்க்க முடியும். எல்லோருக்கும் திறந்துவிட்டால் என்ன என்று கேட்கிறார்கள்.

இதற்குப் பதில் சொல்லும் முன் தலித்துகளும் பழங்குடிகளும் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இந்த மண்ணில் குற்றப் பேரேடு எப்படிப் பிறந்தது? அதில் யார் பெயர் முதலில் ஏறியது? ஏறிய பெயர் எப்போதாவது இறங்கியதா?

'கேடி' என்கிற சொல்லிலிருந்தே தொடங்கலாம். திட்டுவதற்கு நாம் சாதாரணமாகப் பயன்படுத்தும் சொல்தான். ஆனால் சென்னை மாகாணப் போலீஸ் ஸ்டேஷன்களில் 'நோன் டெப்ரடேட்டர்', அதாவது தெரிந்த கொள்ளைக்காரன், என்று ஒரு வகை இருந்தது. அதன் சுருக்கம் கே.டி. அவர்களுக்கென்று தனி ரிஜிஸ்தர். ராத்திரி பீட் போகிற கான்ஸ்டபிள் கேடி வீட்டுக் கதவைத் தட்டி ஆள் இருக்கிறானா என்று பார்க்க வேண்டும். ஸ்டேஷன் நோட்டில் இருந்த இரண்டு எழுத்து மக்கள் வாயில் வசவாக மாறிவிட்டது. ரகசிய ரிஜிஸ்தர் என்று சொன்னதன் லட்சணம் இதுதான். ராத்திரி பூட்ஸ் சத்தம் கேட்ட தெருவுக்கே அது யார் வீடு என்று தெரிந்துவிடும்.

இதற்கு வேர் 1871ஆம் வருடத்துக் குற்றப் பரம்பரைச் சட்டம். தச்சுத் தொழில் தகப்பனிடமிருந்து மகனுக்கு வருகிற மாதிரி, இந்தியாவில் திருட்டும் சாதித் தொழிலாக வருகிறது என்று அதைக் கொண்டுவந்த அதிகாரிகள் வாதாடினார்கள். மனு சொன்னதை வெள்ளைக்காரன் சட்டமாக்கினான். 1911இல் சட்டம் திருத்தி எழுதப்பட்டு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு கூட்டத்தைக் குற்றப் பரம்பரை என்று அரசு அறிவித்துவிட்டால் அந்த அறிவிப்பு சரியா தவறா என்று எந்தக் கோர்ட்டும் கேட்க முடியாது. பிறகு ஜில்லா மாஜிஸ்திரேட் ரிஜிஸ்தர் போடுவார். ஆட்கள் வந்து கைரேகை வைக்க வேண்டும். மக்கள் இதை 'ரேகைச் சட்டம்' என்றே அழைத்தார்கள். ராத்திரி ஸ்டேஷனிலோ பொது இடத்திலோ போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். சட்டத்தில் குறித்த குற்றங்களில் இரண்டாம் முறை தண்டனை என்றால் ஏழு வருஷத்துக்குக் குறையாது. மூன்றாம் முறை என்றால் ஆயுளுக்கும் நாடுகடத்தல்.

கவனித்துப் பாருங்கள். இந்தப் பேரேட்டில் ஏறுவதற்குத் தீர்ப்பு வேண்டாம், சாட்சி வேண்டாம், குற்றமே வேண்டாம். பிறப்பு போதும். கைரேகையை வகைப்படுத்தும் முறையே இந்த நாட்டில்தான் உருவானது. 1897இல் கல்கத்தாவில் அதற்கான பீரோ அமைந்தது. நம் உடம்பை வைத்துப் பழகிய வித்தை பிறகு உலகம் முழுக்கப் போனது.

யார் யாரைப் பதிந்தார்கள்? குறவர்களில் பல பிரிவுகள், எருகுலர், தொம்பர், ஜோகி, வலையர், பிரமலைக் கள்ளர் என்று நீளும் பட்டியல் அது. தென்னார்க்காட்டின் வேப்பூர்ப் பறையர்களும் அதில் உண்டு. அங்கே அஜீஸ் நகரில் ஒரு செட்டில்மெண்ட் அமைத்து ஆட்களைக் குடிவைத்தார்கள். ஆந்திரப் பக்கம் ஸ்டூவர்ட்புரத்தில் சால்வேஷன் ஆர்மியின் பொறுப்பில் எருகுலர் செட்டில்மெண்ட். பக்கத்துச் சீராலாவில் புகையிலைக் கம்பெனிக்கு அங்கிருந்து கூலியாட்கள் போனார்கள். பேரேடு யாருக்குப் பயன்பட்டது என்பதற்கு இந்த ஒன்று போதும். ஓட முடியாத கூலியாள் முதலாளிக்கு லாபம்.

1920 ஏப்ரல் 3 அன்று மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற கள்ளர்கள் மீது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணும் அன்று பலியானார். இன்றைய சாதி முரண்களை வைத்து அந்த ரத்தத்தை நாம் மறைக்க வேண்டியதில்லை. அதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்பு, 1908இல், தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் ஆசியர் பதிவுச் சட்டத்தை எதிர்த்துக் காந்தியோடு தம்பி நாயுடு சிறை போனார். ஏராளமான தமிழர்கள் போனார்கள். அங்கே பதிய மறுத்தது சத்தியாகிரகம். உசிலம்பட்டிப் பக்கம் பதிய மறுத்தது கலகம். பாடப் புத்தகத்தில் முதலாவது இருக்கும்; இரண்டாவதைத் தேட வேண்டும். வேப்பூர்ப் பறையர் கதையையோ நாமே இனிமேல்தான் எழுத வேண்டியிருக்கிறது.

சமவெளியில் சாதியைப் பதிந்த அதே ஆட்சி மலையில் கூலியைப் பதிந்தது. இதை எழுதும் இத்தலார், நீலகிரியில் எமரால்டுக்குப் பக்கத்து ஊர். சுற்றிலும் தேயிலை. இந்த மலைத்தோட்டங்களுக்கும் வயநாட்டுக்கும் 1903இல் சென்னை மாகாணம் ஒரு தனித் தோட்டத் தொழிலாளர் சட்டம் போட்டது. மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு வந்த ஆள், ஒப்பந்தம் முடியும் முன் தோட்டத்தை விட்டுப் போனால் அது கிரிமினல் குற்றம். வாரண்டு, கைது, சிறை. வந்தவர்கள் பெரும்பாலும் கீழ்நாட்டுச் சேரிகளிலிருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பி மலையேறியவர்கள். துரை கூலி பாக்கி வைத்தால் அது கணக்கு வழக்கு. கூலி ஓடினால் அது குற்றம். 1920களின் இறுதியில் அந்தச் சட்டம் போனது. ஆனால் செக்ரோலில் 'பேர் போடுவது', 'பேர் வெட்டுவது' என்கிற பேச்சு தோட்டத்தை விட்டுப் போகவில்லை. சிலோன் தோட்டங்களிலிருந்து 1964 ஒப்பந்தத்தில் திரும்பி இங்கே குடியேறியவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பேர் என்றால் பிழைப்பு. பேர் வெட்டினால் லயத்து வீடும் போச்சு.

இந்த மலையில் காகிதமே இல்லாத பேரேடும் இருந்தது. குறும்பர் என்றால் சூனியம் வைப்பவர் என்பது ஊர்ப்பேச்சு. மாடு செத்தாலும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் பழி குறும்பர் மேல். 19ஆம் நூற்றாண்டில் இந்தப் பேச்சை நம்பியே பலமுறை குறும்பர்களைக் குடும்பம் குடும்பமாகக் கொன்றிருக்கிறார்கள். எழுதாத பேரேடே இவ்வளவு செய்யும் என்றால், எழுதி ஊரறிய ஒட்டிய பேரேடு என்ன செய்யாது?

குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நீக்கப்பட்டது. இந்தியா முழுவதும் 1952 ஆகஸ்ட் 31இல் போனது. அந்த நாளைச் சீர்மரபினர் விடுதலை நாளாகக் கொண்டாடுகிறார்கள். ஆனால் இடையில் 1948இலேயே சென்னை அரசு வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது. 'பரம்பரை' என்ற சொல் போய் 'வழக்கம்' என்ற சொல் வந்தது. காகிதத்தில் சாதி இல்லை. ஆனால் ஏட்டையா கையில் இருந்தது பழைய நோட்டு, பழைய தெரு, பழைய பெயர்கள். நகை காணாமல் போனால் ஜீப் எந்தக் குடியிருப்புக்கு முதலில் போகும் என்று நம் பிள்ளைகளைக் கேளுங்கள், சொல்லுவார்கள். 1993இல் கம்மாபுரம் ஸ்டேஷனில் ஒரு குறவர் அடித்துக் கொல்லப்பட்டதும் அப்படி ஒரு நகைத் திருட்டுச் சந்தேகத்தில்தான். 'ஜெய் பீம்' படம் வந்த பிறகே பலருக்கு அது தெரிந்தது.

கோர்ட்டுகள் என்ன சொல்லின? போலீஸின் கண்காணிப்பு ரிஜிஸ்தர் ரகசியமாக இருக்க வேண்டும், நியாயமான காரணம் இல்லாமல் யார் பெயரையும் ஏற்றக் கூடாது என்று 1980இல் மலக் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது. 1994இல் ஆட்டோ சங்கர் வாழ்க்கை வரலாற்றை நக்கீரன் வெளியிடுவது பற்றிய வழக்கில், தனிமனித அந்தரங்கம் ஓர் உரிமை என்று ஏற்றுக்கொண்டது. கூடவே, கோர்ட் ஆவணம் போன்ற பொது ஆவணத்தில் ஏறிவிட்ட விஷயத்துக்கு அந்த உரிமையைக் கோர முடியாது, பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண் போன்றோரின் பெயருக்கு மட்டும் விலக்கு என்றும் சொன்னது. 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றார்கள்.

நல்லது. நம் கேள்வி, அந்தப் பொது ஆவணத்தை எழுதுகிற பேனா யார் கையில் என்பது. நாட்டின் சிறைகளில் இருப்போரில் முக்கால்வாசிப் பேர் தீர்ப்பே வராத விசாரணைக் கைதிகள். மக்கள் தொகையில் ஆறில் ஒருவராக இருக்கும் தலித்துகள் சிறையில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். 2016இல் உச்சநீதிமன்றம் எஃப்.ஐ.ஆர்.களை இணையத்தில் ஏற்ற உத்தரவிட்டது. நோக்கம் நல்லது. பிடித்துப் போனவனின் வீட்டார் ஸ்டேஷன் வாசலில் கெஞ்சாமல் நகல் எடுக்கலாம். ஆனால் அதே நகலை வேலை கொடுப்பவனும் வீடு விடுபவனும் பெண் கொடுப்பவனும் எடுக்கலாம். குற்றச்சாட்டு ஏறுகிறது, விடுதலை ஆனது அதே வேகத்தில் ஏறுவதில்லை.

நம் பையன்கள் போலீஸ் வேலைக்குப் போகும்போது இது கண்ணுக்குத் தெரியும். தமிழ்நாட்டுக் காவலர் பணி விதியில் ஒரு விளக்கம் இருக்கிறது. சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரும், புகார் கொடுத்தவர் பிறழ்ந்ததால் விடுதலையானவரும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். கோயில் திருவிழாத் தகராறில் சேரிப் பையன்கள் இருபது பேர் மேல் கேஸ், பிறகு ஊர் கூடி ராஜி, சாட்சி பிறழ்ந்து விடுதலை. இது எத்தனை ஊர்க் கதை! கோர்ட் விடுவித்தாலும் ரிஜிஸ்தர் விடுவதில்லை.

விடுதலையான ஒருவர் தன் பெயரைத் தீர்ப்பிலிருந்து மறைக்கச் சொல்லி சென்னை உயர்நீதிமன்றம் போனார். சட்டம் வரட்டும் என்று 2021இல் தனி நீதிபதி தள்ளுபடி செய்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அவருக்குச் சாதகமாக உத்தரவிட்டது. அதே வருஷம் ஜூலையில் உச்சநீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. மறக்கப்படும் உரிமை இன்னும் தொங்கலில்தான் நிற்கிறது. பிரிட்டனில் 1974 முதலே, பல குற்றங்களில் குறித்த காலம் ஒழுங்காக வாழ்ந்துவிட்டால் பழைய தண்டனை கழிந்துபோனதாகக் கருதும் சட்டம் உண்டு. இங்கே சிறார்களுக்கு மட்டும் 2015 சட்டத்தில் அப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. நமக்கு வந்ததோ 2022இன் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம். ரேகையும் கண் பாவையும் எடுத்து 75 வருஷம் வைத்திருக்கலாம்.

"அப்ப வன்கொடுமை செஞ்சவன் பேரும் மறையட்டுமா?" என்று தோழர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பதிலாக இரண்டு விஷயம் சொல்கிறேன்.

ஒன்று. பதிவாகும் பாலியல் வன்புணர்ச்சி வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றவாளி தெரிந்த ஆள்தான் என்று அரசாங்கக் கணக்கே வருஷாவருஷம் சொல்கிறது. அப்பன், மாமன், பக்கத்து வீட்டான், முதலாளி. இத்தலார் மாதிரிச் சின்ன ஊரில் அவன் பெயரை ஒட்டினால் அந்தப் பெண் யார் என்பதும் சேர்ந்தே ஒட்டப்படும். பிறகு எந்தத் தாய் புகார் கொடுக்கத் துணிவாள்?

இரண்டு. பட்டியலை ஊர் எப்படிப் படிக்கிறது என்பது. 1997இல் மேலவளவில் பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனும் மேலும் அறுவரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 17 பேர் ஆயுள் தண்டனை பெற்றார்கள். 2019இல் 13 பேரைத் தமிழக அரசு முன்கூட்டியே விடுவித்தது. அவர்கள் பெயரைப் பார்த்து அந்தச் சாதி முழுவதையும் கேடி என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. ஆனால் ஒரு குறவர் பெயரோ இருளர் பெயரோ சேரிப் பையன் பெயரோ ஏறினால் அந்தக் குடியிருப்பே பட்டியலில் ஏறுகிறது. ஆதிக்க சாதிக்காரன் செய்த குற்றம் ஒருத்தனுடையது. நம்மில் ஒருத்தன் செய்த குற்றம் தெருவினுடையது. இந்த வாசிப்பு மாறாத வரை பொதுப் பேரேடு ரேகைச் சட்டத்தின் மறுபதிப்பாகத்தான் முடியும்.

வன்கொடுமை செய்தவன் தண்டனை பெற வேண்டும். அதை வழக்கில் வாங்க வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு கடமை தவறும் அதிகாரியைத் தண்டிக்கச் சொல்கிறது. பேரேடு ஒன்று பொதுவில் வேண்டுமென்றால் அங்கிருந்து தொடங்கட்டும். எஃப்.ஐ.ஆர். போட மறுத்த அதிகாரி யார், காவலில் செத்தவர் எந்த ஸ்டேஷனில் செத்தார் என்று எழுதட்டும். அதிகாரத்தில் இருப்பவன் கணக்குச் சொல்ல வேண்டியவன். கூலிக்காரனின் முடிந்துபோன தண்டனை அப்படிப்பட்டதல்ல.

வாய்ப்பும் இப்போது இருக்கிறது. ஹிஸ்டரி ஷீட் போலீஸின் உள் ஆவணம், பொது ஆவணம் அல்ல என்று 2024 மே மாதம் உச்சநீதிமன்றம் மறுபடி சொன்னது. ஒடுக்கப்பட்ட சமூகத்து நிரபராதிகள் பெயர் அதில் ஏறுவதையும் குறிப்பிட்டு, எல்லா மாநிலங்களும் விதிகளைத் திருத்துவது பற்றி யோசிக்கச் சொன்னது. அதே அக்டோபரில் சுகன்யா சாந்தா வழக்கில் சிறைப் பதிவேடுகளின் சாதிப் பத்தியை நீக்கச் சொன்னது. இவை தானாக நீலகிரி ஸ்டேஷன்களுக்கோ விழுப்புரம் ஸ்டேஷன்களுக்கோ வந்து சேராது. ஹிஸ்டரி ஷீட்டில் பெயர் ஏறினால் அந்த ஆளுக்கு எழுத்தில் தெரிவி. வருஷாவருஷம் மறுபரிசீலனை செய். விடுதலையானவன் பெயரை அடி. தண்டனை முடிந்தவனுக்கு ஒரு கால எல்லை வை. காவலர் தேர்வு விதியின் அந்த விளக்கத்தை எடு. இந்த ஐந்தையும் கேட்டு ஒவ்வொரு மாவட்டத்திலும் மனுப் போட வக்கீல் தோழர்கள் இருக்கிறார்கள், மாணவர்கள் இருக்கிறார்கள்.

மனுவோடு இன்னொரு வேலையும் இருக்கிறது. அஜீஸ் நகரிலும் குறவர் குடியிருப்புகளிலும் ராதாரிச் சீட்டுக் கதையைப் பாட்டன் வாயால் கேட்டவர்கள் இன்னும் இருப்பார்கள். போய்க் கேட்டு எழுதுங்கள். பெயர் போட வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் போடாதீர்கள். அவர்கள் பெயரை அவர்களைக் கேட்காமல் எழுதியவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர்.