25 எழுத்துகளும் குருதியின் சாட்சியும்

இதயத் தசையில் மயோசின் பிணைப்புப் புரதம் சி என ஒன்று உண்டு. அதன் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபடுவது இதயத் தசை நோய்க்கு வழிவகுக்கும் என்பதை 2009இல் தண்டபாணி, தங்கராஜ் முதலியோர் 'நேச்சர் ஜெனெடிக்ஸ்' இதழில் நிறுவினர். இந்தியரில் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வர் இக்குறையைச் சுமக்கின்றனர். ஆயினும் சுமப்போர் எல்லாரும் நோயுறுவதில்லை. நோயுறுவோர் பலருக்கும் நடுவயது கடந்தே அறிகுறி தோன்றுகிறது.

ஆகவே மரபணு உரைப்பது முன்னெச்சரிக்கை மட்டுமே. சேதம் தொடங்கிவிட்டதா என்பதற்குக் குருதியே சாட்சி. 1960களில் ஜப்பானிய அறிஞர் எபாஷி கண்டறிந்த ட்ரோபோனின், இதயத் தசையணு சிதையும்போது குருதியில் கசிகிறது. 1989இல் ஜெர்மனியின் ஹூகோ காட்டுஸ் குழுவினர் இதயத்துக்குரிய ட்ரோபோனினை அளக்கும் சோதனையை வெளியிட்டனர். மாரடைப்பை அறிய எழுந்த அச்சோதனை, நுண்மை பெற்றபின், தடித்த இதயத்தில் மாரடைப்பின்றியே நிகழும் மெல்லிய சிதைவையும் காட்டலாயிற்று. அளவு உயர்ந்தோருக்குப் பின்னாளில் இடர் மிகுதி என்பதும் புலனாயிற்று.

அடைப்பு இல்லை என்றதும் உயர்ந்த ட்ரோபோனின் அளவைப் புறக்கணித்தல் தகாது. இந்நோய் உள்ள குடும்பத்தில் அவ்வளவு, எக்கோ பரிசோதனையோடு சேர்த்துப் படிக்கப்பட வேண்டிய ஆவணம்.