பன்னிரண்டு படங்களில் ஒரு கல்யாணம்

மணமக்கள் இருவரும் சிரிக்காமல் நேரே நம்மைப் பார்க்கும் பழைய கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படங்களை நாம் கேலி செய்வதுண்டு. கூச்சம், பயம் என்று எளிதாகக் காரணமும் சொல்லிவிடுகிறோம். அந்த விறைப்பு ஒரு தொழில்மரபின் எச்சம். அதன் வேர் பந்தலில் இல்லை, ஸ்டுடியோவில் இருக்கிறது.

லின்னேயஸ் டிரைப் 1857-58இல் தஞ்சை, மதுரை, திருச்சிப் பகுதிகளில் எடுத்த படங்களில் பெரும்பாலானவை கோயில்களும் கோட்டைகளும்தாம். கல் அசையாது. மனிதர்களை அசையாமல் நிறுத்துவது பின்வந்த ஸ்டுடியோக்காரர்களின் பாடாயிற்று. பந்தலின் மங்கிய வெளிச்சம் அன்றைய கண்ணாடித் தகடுகளுக்குப் போதாது. ஆகவே கல்யாணம் முடிந்தபின் மணமக்களே ஸ்டுடியோவுக்குப் போனார்கள்; தூணும் படிக்கட்டும் தீட்டிய திரையின் முன் மூச்சடக்கி நின்றார்கள். பதிவானது கல்யாண நாளன்று. கல்யாணம் ஆயிற்று என்பதற்கான சான்று.

சுருள் பிலிமும் பிளாஷும் வந்த பிறகே கேமரா பந்தலுக்குள் நுழைந்தது. 120 பிலிமில், ஆறு சென்டிமீட்டர் சதுரமாக எடுத்தால், சுருளுக்குப் 12 படங்கள். பிளாஷ் பல்பு ஒருமுறைதான் எரியும். அடுத்த படத்துக்குப் புதிது மாட்ட வேண்டும். இந்தச் சிக்கனத்தில் பிறந்ததுதான் அக்காலப் புகைப்படக்காரரின் பாணி. தாரை வார்ப்பதும் தாலி கட்டுவதும் அம்மி மிதிப்பதும் எந்த வரிசையில் வரும் என்பது சாதிக்குச் சாதி, ஊருக்கு ஊர் மாறும். அதைப் புரோகிதர் அளவுக்கு அவரும் அறிந்திருக்க வேண்டும். கெட்டிமேளம் அவருக்காகக் காத்திருக்காது. அதனால், "தாலியை அப்படியே பிடிங்க மாப்பிள்ளை" என்ற குரல் எழுந்தது. சடங்கு கேமராவுக்காக ஒரு கணம் நின்றது. மந்திரங்களில் இல்லாத அந்த நிறுத்தம் இன்று சடங்கின் பகுதியாகவே ஆகிவிட்டது.

சுருள் தீரும் தறுவாயில் யாரை எடுப்பது, யாரை விடுவது? நாற்காலியில் அமர்ந்தவர் யார், பின்வரிசையில் நின்றவர் யார், மங்கலம் கருதி விலகி நின்ற விதவை அத்தை ஏன் எந்தப் படத்திலும் இல்லை? குடும்பத்தின் அதிகாரம் முழுவதையும் அந்தப் பன்னிரண்டு படங்களில் வாசித்துவிடலாம்.

ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. பிறகு வண்ணம், வீடியோ, டிஜிட்டல். இப்போது 'கேண்டிட்' என்கிறார்கள். மணப்பெண்ணை மூன்றுமுறை திரும்பச் சொல்லி எடுக்கும் இயல்புத்தன்மை அது! பழைய விறைப்பு அவ்வளவு பாசாங்கு செய்ததில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

அரியலூர் மாவட்டத்து விக்கிரமங்கலத்தை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள சோழர் காலக் கோயிலையும் புத்தர் சிற்பத்தையும் ஆய்வாளர்கள் தேடிப்போய்ப் பதிவு செய்திருக்கிறார்கள். இத்தகைய ஊர்களின் கல்யாண நெகட்டிவ்களுக்கு அந்த வாய்ப்பு அரிது. அவை பக்கத்து நகர ஸ்டுடியோக்களின் அட்டைப் பெட்டிகளில் கிடந்தன. கடை மூடியபோது சில குப்பைக்குப் போயின. சில அவற்றிலுள்ள வெள்ளிக்காக எடைக்குப் போயின. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 2010களில், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் துணையோடு, தமிழகத்து ஸ்டுடியோக்களில் எஞ்சியவற்றைத் தேடி எண்வடிவில் சேமித்தது. நெகட்டிவ் கிடைத்தாலும் ஊரும் பேரும் கிடைப்பதில்லை. வீட்டு ஆல்பத்தில் மிஞ்சிய பிரதியைத் திருப்பினாலும் பெரும்பாலும் இருப்பது ஸ்டுடியோவின் ரப்பர் முத்திரைதான்.