மேல்தாளின் கீழ் ஒரு முன்தோட்டம்: ஹம்ப்ரி ரெப்டனின் ஹேர் ஸ்ட்ரீட் இல்லம்

முன்னுரை

ஒரு தோட்டத்தைத் திருத்தி அமைக்க எண்ணுவோர், அவ்விடம் இப்போது எப்படி இருக்கிறது, திருத்தியபின் எப்படி இருக்கும் என்னும் இரு தோற்றங்களையும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுப்பது இன்று பொதுவான வழக்கம். இவ்வழக்கத்தை ஒரு தொழில்முறையாகவே வளர்த்தவர் இங்கிலாந்தின் தோட்ட வடிவமைப்பாளர் ஹம்ப்ரி ரெப்டன் (1752–1818). பெருநிலக்கிழார்களுக்காக அவர் வரைந்த திட்டங்களே தோட்டக்கலை வரலாற்றில் பெரிதும் பேசப்படுகின்றன. அவர் தம் சொந்த வீட்டின் முன்பகுதியைத் திருத்தியது அளவில் மிகச் சிறிய செயல். ஆயினும், தோட்டத் திட்டம் என்பது யாரைப் பார்வையில் வைத்துக்கொள்கிறது, யாரை விலக்குகிறது என்ற வினாவை அச்சிறு முன்தோட்டம் பெரும்பூங்காக்களைவிடக் கூர்மையாக எழுப்புகிறது. அவ்வினாவே இங்கு ஆராயப்படுகிறது.

சிவப்பு ஏடுகள்

ரெப்டன் தோட்டத் தொழிலுக்குப் பிந்தி வந்தவர். நாரிச் நகரில் துணி வணிகம் பயின்று, அதில் தோற்று, 1786இல் எசெக்ஸ் பகுதியின் ஹேர் ஸ்ட்ரீட் என்னும் சிற்றூரில் ஒரு சிறுவீட்டில் குடும்பத்துடன் குடியேறினார். 1788இல், தம் 36ஆம் வயதில், தோட்ட வடிவமைப்பைத் தொழிலாக ஏற்பதாக நண்பர்களுக்கும் அறிமுகமானவர்களுக்கும் மடல்கள் எழுதினார். முன்னோடியான லான்சலாட் பிரௌன் 1783இல் இறந்திருந்ததால் அத்துறையில் ஓர் இடம் வெறுமையாக இருந்தது.

பிரௌன் வேலையை ஒப்பந்தமாக எடுத்து, ஆட்களை வைத்து முடித்துக் கொடுத்தவர். ரெப்டன் ஆலோசகராக மட்டுமே நின்றார். அவர் விற்றது திட்டத்தை. நிலத்தைச் சுற்றிப் பார்த்து, வரைபடமும் நீர்வண்ணப் படங்களும் விளக்கவுரையும் சேர்த்து, சிவப்புத் தோல் அட்டையிட்ட ஏடாகக் கட்டி உரிமையாளரிடம் அளிப்பார். அவை ‘சிவப்பு ஏடுகள்’ எனப் பெயர்பெற்றன. அவற்றிலுள்ள படங்களின் மீது, ஓரம் சரியாகப் பொருந்துமாறு வெட்டிய ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கும். அதில் இருப்பது இடத்தின் இன்றைய நிலை. தாளைத் தூக்கினால், ரெப்டன் முன்மொழியும் நிலை வெளிப்படும். அவர் இதனை ‘ஸ்லைடு’ என்றே குறித்தார்.

இவ்வுத்தியின் வலிமை அதன் எளிமையில் உள்ளது. எந்த மரத்தை வெட்டுவது, எங்கே நீர்நிலை அமைப்பது என்று பக்கம் பக்கமாக எழுதுவதைவிட, உரிமையாளர் தம் விரலாலேயே பழைய தோற்றத்தை அகற்றுமாறு செய்வது எளிதில் இணங்க வைக்கும். திட்டம் நிறைவேறியதா என்பது வேறு. பல ஏடுகள் நூலகத்தில் அழகாகக் கிடந்ததோடு சரி. நாளொன்றுக்கு 5 கினி என்ற அவரது ஊதியம் 1814இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘மான்ஸ்ஃபீல்டு பார்க்’ நாவலில் பேச்சுப்பொருளாகும் அளவுக்கு அவர் பெயர் பரவியிருந்தது.

ஹேர் ஸ்ட்ரீட்: இரு தோற்றங்கள்

ரெப்டனின் இறுதிப் பெருநூல் 1816இல், அவர் மகன் ஜான் ஏடி ரெப்டனின் துணையுடன் வெளியாயிற்று. ‘ஃபிராக்மென்ட்ஸ்’ எனச் சுருக்கமாக வழங்கும் அந்நூலில் தம் வீட்டிலிருந்து தெரியும் காட்சியை, மேல்தாளுடனேயே, அவர் சேர்த்தார்.

மேல்தாளில் வீட்டின் முன்னே ஊரின் புல்வெளி சாலைவரை திறந்து கிடக்கிறது. வாத்துகள் மேய்கின்றன. எதிரே இறைச்சிக்கடை, தொங்கும் இறைச்சித் துண்டங்களுடன் வெளிப்படையாகத் தெரிகிறது. வேலியருகே உடலுறுப்பு இழந்த இரவலர் ஒருவர் நிற்கிறார். நெப்போலியப் போர்கள் 1815இல்தான் முடிந்திருந்தன என்பதை நினைத்தால், அத்தகைய உருவம் அக்கால நெடுஞ்சாலைகளுக்குப் புதியதல்ல.

தாளைத் தூக்கினால் வேலி முன்னே நகர்ந்திருக்கிறது. ஏறத்தாழ 25 கஜம், அதாவது சுமார் 23 மீட்டர், தோட்டமாகியிருக்கிறது. பூக்கும் புதர்களும் பசுமை மாறாச் செடிகளும் படத்துக்குச் சட்டமிட்டதுபோல நடப்பட்டுள்ளன. இறைச்சிக்கடை செடிகளுக்குப் பின் மறைந்துவிட்டது. வாத்துகள் இல்லை. இரவலரும் இல்லை.

வேலியை முன்னே நகர்த்த அனுமதி பெற்றதாக ரெப்டன் எழுதுகிறார். அவ்வாறு சேர்த்துக்கொண்ட நிலத்தைக் குறிக்க அவர் ஆளும் சொல் ‘அப்ரோப்ரியேஷன்’, உரிமையாக்கிக் கொள்ளுதல். அது அவரது கோட்பாட்டுச் சொல். ஒருவருடைய நிலம் முழுதும் அவருடையதாகவே கண்ணுக்குத் தோன்ற வேண்டும் என்பது அதன் கருத்து. டாட்டன் பூங்காவுக்கான ஏட்டில், வழியிலுள்ள மைல்கற்களிலும் குடும்பச் சின்னத்தைப் பொறிக்கலாம் என்று சொன்னதற்காக, ரிச்சர்டு பெய்ன் நைட் 1794இல் அவரை எள்ளி எழுதினார். பெருநிலக்கிழாருக்குரிய அச்சொல் இங்கே ஒரு சிறுவீட்டின் வேலிக்குப் பயன்படுகிறது. புறம்போக்கு நிலம் வேலிக்குள் நகர்ந்து வரும் கதையைத் தமிழகத்து வாசகருக்குத் தனியே விளக்க வேண்டியதில்லை.

அதே நூலின் எதிர்க்குரல்

இவ்வளவோடு நின்றால் தீர்ப்பு எளிது. ஆனால் அதே நூலில் ‘இம்ப்ரூவ்மென்ட்ஸ்’ என்னும் தலைப்பில் இன்னொரு இணைப்படம் உள்ளது. ஒரு சாலை; ஓரத்தில் முதிய பீச் மரம்; அதன் நிழலில் வழிப்போக்கர் இளைப்பாற ஒரு பலகை; காட்டினூடே செல்லும் நடைபாதைக்கு வேலியைக் கடக்கும் ஏணிப்படி. இது பழைய நிலை. நிலத்தைப் புதுப்பணக்காரர் ஒருவர் வாங்கியபின் பலகை போய்விடுகிறது, மரம் போய்விடுகிறது, உயர்ந்த கூர்முனை வேலி வந்துவிடுகிறது. ஏணிப்படி இருந்த இடத்தில், உள்ளே மனிதரைச் சிக்கவைக்கும் பொறிகளும் தானே வெடிக்கும் துப்பாக்கிகளும் உள்ளன என்ற எச்சரிக்கை நிற்கிறது. இதனை ‘திருத்தம்’ என்று அழைப்பதன் கேலியை ரெப்டன் மறைக்கவில்லை. பொதுவெளிகளை வளைத்து அடைக்கும் முறையை எளிதாக்கிய சட்டம் 1801இல் நிறைவேறியிருந்த காலம் அது. அந்நூலிலேயே கெண்ட் பகுதியின் ஏழையர் இல்லம் ஒன்றுக்கான வடிவமைப்பும் இடம்பெறுகிறது.

ஒருவர் வேலியைக் கண்டிக்கிறார். அவரே வேலியை நகர்த்தவும் செய்கிறார். இதனை வெறும் முரண் என்று தள்ளிவிடுவது அவசரம். ரெப்டனின் வேலி தாழ்வானது. செடிகளுக்கு மேலாக ஊரும் சாலையும் தெரிகின்றன. ஓயாது அசையும் அந்தச் சாலைக் காட்சியை, தாம் பிறருக்காகத் திருத்திக் கொடுத்த தனிமையான பூங்காக்கள் எதற்கும் ஈடாகக் கொடுக்க மாட்டேன் என்ற பொருள்பட அவர் எழுதியுள்ளார். பெரும்பூங்காக்களில் அவர் ஊரையே பார்வையிலிருந்து விலக்கியதுண்டு. தம் வீட்டில் ஊரை வைத்துக்கொண்டார். எனினும் ஊரை எந்த அளவில் வைத்துக்கொள்வது என்பதைச் செடிகள் முடிவு செய்தன. வண்டிகள் இருக்கலாம், கடை கூடாது. வழிப்போக்கர் கடந்து செல்லலாம், கையேந்தி நிற்பவர் கூடாது. அவரது நூலின் வேறு பக்கங்களில் ஏழைகளுக்காகக் காணப்படும் அக்கறை, சன்னலுக்கு நேர் எதிரே நின்ற மனிதரை எட்டவில்லை.

சக்கர நாற்காலியிலிருந்து

இப்படத்தைப் படிக்கும்போது இன்னொரு செய்தியையும் கணக்கில் கொள்ள வேண்டும். 1811 ஜனவரி 29 அன்று மகள்களுடன் வந்துகொண்டிருந்த வண்டி கவிழ்ந்து ரெப்டனின் முதுகெலும்பு பாதிக்கப்பட்டது. அதன்பின் சக்கர நாற்காலியே துணையாயிற்று. போர்க்கால வரிகளால் பெருந்திட்டங்களும் அருகிவிட்டன. அவரது கவனம் வீட்டையொட்டிய பூம்பாத்திகள், மேடைகள், கொடிப்பந்தல்கள் ஆகியவற்றின் பக்கம் திரும்பியது. பிரௌன் காலத்தில் வாசல்வரை புல்லே இருந்தது. 1813இல் ஆஷ்ரிட்ஜுக்கு ரெப்டன் தீட்டிய திட்டத்திலோ ரோசாத் தோட்டம் உட்பட வீட்டைச் சூழப் பதினைந்து சிறுதோட்டங்கள் இருந்தன. குனியாமலே ஸ்ட்ராபெரி பறிக்க ஏதுவாக உயர்த்திக் கட்டிய பாத்திகளையும் இக்காலத்தில் அவர் கருதினார். தம்மால் நடந்து அடைய இயலாத உலகை, சன்னலுக்கு எதிரே கண்ணுக்கு இனியதாக அடுக்கிவைக்க முயன்றவராகவும் ஹேர் ஸ்ட்ரீட் ரெப்டனைக் காண இடமுண்டு. உடல் முடங்கிய ஒருவரின் தோட்டத்திலிருந்து உடல் ஊனமுற்ற மற்றொருவர் மறைக்கப்பட்டார் என்ற உண்மையை அது மாற்றிவிடாது.

1818 மார்ச் 24 அன்று ரெப்டன் ஹேர் ஸ்ட்ரீட்டில் இறந்தார். நார்ஃபோக்கிலுள்ள அயில்ஷம் தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். தம் உடல் மண்ணாகி ரோசாவுக்கு வடிவமும் நிறமும் தர வேண்டும் என்ற விருப்பத்தைக் கல்லறை வாசகமாக அவரே எழுதிவைத்திருந்தார். அக்கல்லறையில் இன்றும் ரோசாச் செடிகள் வளர்க்கப்படுகின்றன.