புல்லை நம்பிய சிப்பி

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், தீவுகளுக்கும் கரைக்கும் நடுவே ஆழமில்லாத உப்பங்கழிகள் நீண்டு கிடக்கின்றன. 1920களில் அங்கே ஸ்காலப் சிப்பி பிடிப்பது நல்ல வருமானம் தந்த தொழில். விசிறி வடிவம், ஓட்டின் மேல் வரிசையான வரம்புகள், உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு: கழி ஸ்காலப்பை அடையாளம் காண இவ்வளவு போதும். அதன் ஆழ்கடல் உறவினம் சாப்பாட்டுத் தட்டின் பாதிக்கு மேல் வளரும். அதன் ஓடு ஏறக்குறைய வழவழப்பு.

ஓட்டைச் சற்றே திறக்கட்டும், விளிம்பெங்கும் நீலக் கண்கள்! நண்டு நெருங்கினால் இரண்டு ஓடுகளையும் படபடவென்று அடித்து, தண்ணீரைப் பீய்ச்சி, கோணல்மாணலாக நீந்தி ஓடும். அந்த அடிக்கு வலு தரும் தசைதான் மனிதர் தின்னும் கறி. மிச்சத்தைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். குஞ்சுக்கோ அவ்வளவு வலு கிடையாது. மெல்லிய நூல் சுரந்து, கடல்புல்லின் இலையில் தொற்றிக்கொண்டு, தரையில் திரியும் நண்டுக்கு எட்டாமல் வளரும். மொத்த ஆயுளே சுமார் இரண்டு ஆண்டுதான். ஓரிரு ஆண்டு குஞ்சு தங்காவிட்டால் கழியே காலி.

1930களின் தொடக்கத்தில் புல்லுக்கு நோய் கண்டது. அட்லாண்டிக்கின் இரு கரையிலும் இலைகள் கறுத்து அழுகின. எஞ்சியதை 1933 ஆகஸ்ட் புயல் வாரிக்கொண்டு போனது.

புல்லோடு ஸ்காலப்பும் மறைந்தது. மீனவர்கள் அள்ளித் தீர்த்துவிட்டார்கள் என்று பழிபோடுவது எளிது. இங்கே அது பொருந்தாது. புல்லை மேய்ந்த பிராண்ட் வாத்துகளும் பெருமளவு குறைந்தன. புல்லிலையைத் தவிர வேறெங்கும் வாழத் தெரியாத ஒரு சின்ன நத்தையினம் உலகத்தைவிட்டே போய்விட்டது. அதை யாரும் பிடித்து விற்கவில்லையே.

அறுபது ஆண்டுக்கு மேல் கழிகள் மொட்டையாகக் கிடந்தன. 1990களின் பிற்பகுதியில், அவற்றுள் ஒன்றான சவுத் பேயில் ஒரு திட்டுப் புல் தென்பட்டது. வர்ஜீனியா கடல் அறிவியல் நிலையத்தார் அதைப் பிடித்துக்கொண்டார்கள். காய்த்த தண்டுகளைக் கையால் பறித்துத் தொட்டியில் இட்டு, உதிர்ந்த விதையை இலையுதிர் காலத்தில் படகிலிருந்து, நெல் விதைப்பதுபோல வீசினார்கள். 2020இல் வெளியான ஆய்வின்படி 7 கோடிக்கும் மேற்பட்ட விதைகள். புல் பரவிய பரப்பு சுமார் 3,600 ஹெக்டேர்.

புல் வேர்பிடித்த பிறகே, குஞ்சு பொரிப்பகத்தில் வளர்த்த ஸ்காலப்புகளைக் கழியில் விட்டார்கள்.