வானத்திலிருந்து ஒரு சாட்சி



நம் பாயா ரும்புட்டின் பெயரையே எடுத்துக்கொள்வோம். மலாய் மொழியில் 'பாயா' என்றால் சதுப்பு நிலம். 'ரும்புட்' என்றால் புல். சதுப்பு நிலம் என்றதும் சேறு, கொசு, பயனற்ற இடம் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் கடலோரத்து உப்புச் சதுப்பு நிலம் அப்படிப்பட்டதன்று. இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளரும் தொட்டில் அது. கரையைக் கடல் அரிக்காமல் காக்கும் வேலியும் அதுவே. அத்தகைய நிலம் நலமாக இருக்கிறதா, நலிந்து போயிற்றா என்பதைச் செயற்கைக்கோள் வழியாக அறிய முடியும். அந்த வரலாற்றைத் தமிழகத்துப் பிச்சாவரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இன்று காண்போம்.

சிதம்பரத்துக்கு அருகே, வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் கலக்கும் இடங்களுக்கு நடுவே இருப்பது பிச்சாவரம். அங்கே சுரபுன்னை முதலிய மரங்கள் உப்புநீரில் வேரூன்றி வளர்கின்றன. நம் லிங்கி ஆற்று முகத்துவாரத்தில் நிற்கும் பாக்காவ் மரங்களைப் போன்றவையே அவை.

வெள்ளையர் ஆட்சியில் இக்காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறை வைத்து மரங்களைச் சாய்த்தார்கள். இதற்குக் 'கூப்பு' முறை என்று பெயர். பால்மரத்தைச் சீவுவது போன்றதன்று இது. ஒரு பகுதியிலுள்ள மரங்களை அடியோடு அகற்றுவது. விடுதலைக்குப் பின்னரும் இம்முறை தொடர்ந்தது. சாய்த்த இடத்தில் காடு தானே மீண்டும் தழைக்கும் என்று எண்ணினார்கள். பல இடங்களில் அது தழைக்கவில்லை. வெறும் சேற்றுத் திடலும், உப்பைத் தாங்கும் உமிரிச் செடியுமே எஞ்சின.

இதற்கு யார் காரணம்? மாடு மேய்ப்பவர்களும் விறகு வெட்டும் ஊர்மக்களுமே காட்டை அழித்தார்கள் என்று நெடுங்காலம் பழி சொல்லப்பட்டது. ஏழையின் மேல் பழி போடுவது எளிதல்லவா?

இதற்கிடையே விஞ்ஞானம் வளர்ந்தது. 1972 ஜூலை 23 அன்று அமெரிக்கா, பின்னர் லேண்ட்சாட் 1 என்று பெயர் பெற்ற செயற்கைக்கோளை ஏவியது. நிலவளத்தைப் படமெடுப்பதே அதன் வேலை. இந்தியாவும் 1988 மார்ச் 17 அன்று ஐ.ஆர்.எஸ். 1ஏ என்னும் தன் தொலையுணர்வுச் செயற்கைக்கோளை விண்ணுக்கு அனுப்பியது.

இவை செடியின் நலத்தை எப்படி அறிகின்றன? செம்பனை ஓலையின் நிறத்தைப் பார்த்தே உரம் போதவில்லை என்று அனுபவசாலி சொல்லிவிடுவார். செயற்கைக்கோள் செய்வதும் ஏறத்தாழ அதுதான். நலமான பச்சை இலை, சூரிய ஒளியிலுள்ள சிவப்புக் கதிர்களில் பெரும்பகுதியை உட்கொண்டுவிடும். நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களையோ திருப்பி அனுப்பிவிடும். வாடிய இலையும் வெறும் சேறும் அவ்வாறு செய்வதில்லை. திரும்பி வரும் இவ்விரு கதிர்களையும் அளந்து ஒப்பிட்டால், எங்கே காடு செழித்திருக்கிறது, எங்கே நலிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஆனால் ஒன்றை நாம் மறக்கலாகாது. நோய் எங்கே இருக்கிறது என்பதைப் படம் காட்டும். நோய் ஏன் வந்தது என்பதைச் சேற்றில் இறங்கித்தான் அறிய வேண்டும். 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் பிச்சாவரத்தில் அவ்வாறு இறங்கி ஆராய்ந்தார்கள். மரங்களை அடியோடு அகற்றியதால் ஈரமண் வெயிலில் காய்ந்து, சுருங்கி, தரை பள்ளமாகிவிட்டது. ஓதத்தின்போது உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கியது. வெயிலில் நீர் வற்ற வற்ற உப்பு மிகுந்தது. அந்த உப்பில் எந்த நாற்றும் பிழைக்கவில்லை. ஆக, முதன்மையான காரணம் கூப்பு முறையே, ஊர்மக்கள் அல்லர்.

காரணம் தெரிந்ததும் மருந்தும் கிடைத்தது. வனத்துறையும் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர்மக்களோடு சேர்ந்து கால்வாய்கள் வெட்டின. நடுவே ஒரு பெரிய கால்வாய், அதன் இருபுறமும் மீன்முள்ளைப் போலக் கிளைக் கால்வாய்கள். ஓதநீர் வந்து திரும்பியது, உப்பு குறைந்தது, நட்ட கன்றுகள் வேர்பிடித்தன. பழி சுமந்த மக்களின் கைகளே காட்டை வளர்த்தன.

இதற்குச் சாட்சி என்ன? 1986ஆம் ஆண்டுப் படத்தையும் 2002ஆம் ஆண்டுப் படத்தையும் ஒப்பிட்டபோது, காட்டின் பரப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு கூடியிருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கியபோது, இக்காட்டுக்குப் பின்னே இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள்.

செயற்கைக்கோள் படங்களைப் படிப்பதிலும் கவனம் தேவை. ஓதம் ஏறியிருக்கும் வேளையில் எடுத்த படத்தையும் வற்றிய வேளையில் எடுத்த படத்தையும் ஒப்பிட்டால், நீரில் மூழ்கிய புல்லை அழிந்த புல்லென்று தவறாகக் கொள்ள நேரும். நம் நாட்டைப் போல மேகம் மிகுந்த இடங்களில் தெளிவான படம் கிடைப்பதும் அரிது. மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் ராடார் செயற்கைக்கோள்கள் அங்கே உதவுகின்றன.

லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் யாவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆகவே பெற்றோர்களே, பள்ளியில் பிள்ளைகள் புவியியலும் விஞ்ஞானமும் கற்கும்போது, இது நமக்கெதற்கு என்று எண்ணிவிடாதீர்கள். தங்கள் ஊர் நிலத்தின் பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிட்டுப் படிக்கத் தெரிந்த பிள்ளை, யாரோ சுமத்தும் பழியைக் கேட்டுத் தலைகுனிந்து நிற்க வேண்டியதில்லை. இதோ சாட்சி என்று எடுத்துக் காட்டலாம்.